கருங்கல் மேல் ஓர் ஊர்: கேள்வி – பதில்

புனே எரிமலைக் குழம்பின் மேல் இருக்கிறது என்று பேரன் சொல்கிறான். மறுபடி வெடிக்குமா? வயிற்றைக் கலக்குகிறது.
– வாசகி, கட்கி

பேரன் சொன்னது சரி. பயம் மட்டும் வேண்டாம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் நிலம் நீளநீளமாகப் பிளந்து, குழம்பு வெள்ளம்போல் பரவியது. ஒன்று ஆறி இறுகியதும் அதன்மேல் அடுத்தது, அதற்கும் மேல் இன்னொன்று. அந்த பசால்ட் கருங்கல் இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. சிம்மகட் மலையைத் தள்ளி நின்று பாருங்கள், சரிவு படிபடியாக இறங்குவது தெரியும். ஜங்கிலி மகராஜ் சாலையில் இருக்கும் பாதாளேஸ்வர் கோயிலும் இதே கல்லைக் குடைந்து எடுத்ததுதான். அந்தக் குழம்பை அனுப்பிய வெப்ப ஊற்று இப்போது நம் காலடியில் இல்லை. நம்மைச் சுமக்கும் நிலத்தட்டு வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. ஊற்று பின்தங்கி, இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது என்பது பெரும்பாலான நிலவியலாளர்களின் கருத்து. அந்தத் தீவின் எரிமலை இன்றும் குமுறிக்கொண்டுதான் இருக்கிறது.

தட்டு நகர்ந்தால் புனேக்கும் சென்னைக்கும் தூரம் கூடுமே?
– வாசகர், பிம்ப்ரி

கூடாது. இரண்டும் ஒரே தட்டில் உட்கார்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வீதம் சேர்ந்தே வடகிழக்கே போகின்றன. குறைந்துகொண்டு வருவது புனேக்கும், இமயத்துக்கு அப்பால் வேறு தட்டில் இருக்கும் லாசாவுக்கும் நடுவில் உள்ள தூரம். இமயமலை மடிந்து எழுவது அதனால்தான்.

தட்டுகளின் ஓரத்தில்தான் நிலநடுக்கம் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். நடுங்கிய கில்லாரி தட்டின் நடுவில் அல்லவா இருக்கிறது?
– ஆசிரியர், சோலாப்பூர்

"பெரும்பாலும் ஓரத்தில்" என்று திருத்திச் சொல்லிக் கொடுங்கள். இமயத்தில் முட்டி நிற்கும் தட்டின் இறுக்கம் உள்நாடு வரைக்கும் பரவுகிறது. பசால்ட்டுக்குக் கீழே மிகப் பழைய பாறைகள் இருக்கின்றன. அவற்றில் என்றோ உடைந்து ஒட்டாமல் போன இடங்கள் அந்த இறுக்கம் தாங்காமல் ஒருநாள் வழுக்குகின்றன. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் கில்லாரியில் நடந்தது இதுதான். கணபதியைக் கரைத்துவிட்டு வந்து அலுத்துப் படுத்த ஊர். அளவு 6.2 என்பது உலகக் கணக்கில் பெரிய நிலநடுக்கம் அல்ல. ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தவை மண் வைத்து அடுக்கிய கனத்த கற்சுவர்களும், வெயிலுக்காகக் கூரைமேல் கொட்டியிருந்த மண்ணும். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை, ஏனென்றால் வீடுகளை வேறு மாதிரி கட்டியிருந்தால் பெரும்பாலானோர் பிழைத்திருப்பார்கள்.

கொய்னா அணைப் பகுதி வேறு கதை. அங்கே 1967 டிசம்பர் 11 அதிகாலை வந்த நடுக்கத்தை அணை நீர் தூண்டியது. தேங்கிய நீரின் பளுவோடு, விரிசல் வழியே கீழே இறங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து, ஏற்கெனவே இறுகியிருந்த பாறையை நழுவ வைத்தன. சிறு அதிர்வுகள் அந்த வட்டாரத்தில் இன்றும் ஓயவில்லை. காரணத்தை அருகில் போய்ப் பார்க்க அங்கே 3 கி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டார்கள். சுமார் 1,200 மீட்டரில் பசால்ட் முடிந்து கிரானைட் வந்தது.

புனே நடுத்தர ஆபத்து உள்ள ஊர். அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர்கள், நிலநடுக்க விதிப்படி கட்டியதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் தந்த சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

லோனாவாலாவில் கொட்டுகிற மழை புனே வருவதற்குள் தூறலாகிவிடுகிறதே, ஏன்?
– வாசகர், தேகூ ரோடு

அரபிக்கடல் காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்கிறது. லோனாவாலாவில் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல், புனேயில் 700 சொச்சம். வால்பாறையையும் கோவையையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் குழாயில் வருவதும் மலை பிடித்துக் கொடுத்த மழைதான். வரஸ்காவ், பான்ஷேத், டெம்கர் அணைகளில் சேர்ந்து கடக்வாஸ்லா வழியாக வருகிறது.

எங்கோ பசிபிக்கில் எல் நினோ வந்தால் இங்கே வெங்காய விலை ஏன் ஏறுகிறது?
– வாசகி, ராஸ்தா பேட்டை

அருமையான கேள்வி. இதற்கு விடை தேடியவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித மேதை, 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். பருவமழை பொய்த்து லட்சக்கணக்கானோர் பட்டினியில் மடிந்த பஞ்சங்கள் அப்போது பழங்கதை ஆகியிருக்கவில்லை. மழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி, உலகெங்கும் எடுத்த காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார். எல் நினோவில், அதாவது கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும்போது, மேலெழும் காற்று அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நம் பக்கம் காற்று கீழே அமுங்கி, மேகம் திரள்வது தடைப்படுகிறது. மழை குறைந்தால் வெங்காயம் குறையும்.

ஆனால் எல் நினோ என்றாலே வறட்சி என்று தொலைக்காட்சி அலறுவதை நம்பாதீர்கள். 1997இல் மிக வலுவான எல் நினோ, மழையோ இயல்பாகப் பெய்தது. அதைவிட மெலிந்த எல் நினோ வந்த 2002இல் நாடே காய்ந்தது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பல தடவை நல்லதே செய்திருக்கிறது. 2015 சென்னை வெள்ளமும் எல் நினோ ஆண்டில்தான்.

வாக்கருக்கு நாம் இன்னொரு நன்றியும் சொல்ல வேண்டும். 1913இல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தவர், அங்கே எழுத்தராக இருந்த ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் நடத்திய சிம்லா அலுவலகம் 1928இல் இடம் மாறி வந்தது நம் சிவாஜிநகருக்கு.

எங்கள் கரிசலும் உங்கள் கரிசலும் ஒன்றா?
– வாசகர், கோவில்பட்டி

குணத்தில் சொந்தம், பிறப்பில் இல்லை. இங்கே தாய்ப்பாறை பசால்ட். உங்கள் பக்கம் அதைவிடப் பல மடங்கு பழைய வேறு பாறை. இரண்டிலும் நீரைக் குடித்து உப்பி, காய்ந்தால் சுருங்கும் களி இருப்பதால் கோடையில் ஆள் கால் இறங்கும் அளவுக்குப் பிளக்கும். பருத்திக்கு வரம், வீட்டுச் சுவருக்குச் சோதனை. அஸ்திவாரம் கரிசலைத் தாண்டிக் கெட்டி நிலத்தில் நிற்க வேண்டும்.

தேங்காய் வைத்துப் பார்த்து போர் போட்டோம். பக்கத்து வீட்டில் 200 அடியில் தண்ணீர், எங்களுக்கு 400 அடியிலும் புழுதி!
– வாசகி, வாகோலி

பசால்ட் பஞ்சு இல்லை. தண்ணீர் அதன் விரிசல்களிலும், ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலும், வாயுக் குமிழிகள் நிறைந்த மேல்பகுதியிலும்தான் நிற்கும். பக்கத்து வீட்டுத் துளை விரிசலைத் தொட்டிருக்கிறது, உங்களுடையது தொடவில்லை. தேங்காய்க்கு அது தெரியாது. இன்னும் ஆழம் போனால் செலவுதான் ஏறும். நிலவியலாளரைக் கூப்பிட்டு மேல் அடுக்குகளைப் பாருங்கள், மாடி மழைநீரை நிலத்துக்குள் விடுங்கள். வேதாள் டேக்டி போன்ற குன்றுகளைக் குடைந்து சாலை போட நினைக்கும்போது உங்களைப்போன்றவர்கள் குரல் கொடுக்க வேண்டும். மழை கீழே இறங்குவதற்கு இந்த நகரத்தில் மிஞ்சியிருக்கும் திறந்த இடங்கள் அவை.

உங்கள் ஊர்க் கல்குவாரியில் ஒரு செய்தியும் உண்டு: பசால்ட்டின் பொந்துகளில் காவன்சைட் என்ற நீலக் கனிமம் அங்கே கிடைத்தது. உலக அருங்காட்சியகங்கள் வாகோலி என்று சீட்டு ஒட்டி அதை வைத்திருக்கின்றன.