கேட் போட்டால் சிரிக்கிறவர்

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். முன்னால் போன லாரிக்காரன் கொஞ்சம் மிதித்திருந்தால் நாமும் தாண்டியிருக்கலாமே என்ற எரிச்சல் அதில் எழுதி ஒட்டியிருக்கும். டெக்ஸாஸ் மாநிலத்து இர்விங்கின் தெற்குப் பகுதியில், டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே டி.ஆர்.இ. என்கிற பயணிகள் ரயில் ஓடுகிற தடத்தில், சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்ததும் வாயெல்லாம் பல்லாகக் காரை ஓரங்கட்டி இறங்குகிற ஆசாமி ஒருவரைப் பார்த்தீர்களானால், சந்தேகமே வேண்டாம், அவர்தான் கேட்டுக்காரர்.

அவரை ரயில் பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். ரயில் பைத்தியங்கள் வேறு ரகம். அவர்கள் இன்ஜின் நம்பரைக் குறித்துக்கொண்டு, பெட்டி எண்ணிக்கொண்டு, ரயில் போனதும் போய்விடுவார்கள். கேட்டுக்காரருக்கு ரயில் என்பதே ஒரு தொந்தரவு. மணி அம்சமாக அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து பதிவைக் கெடுக்கிற வஸ்து. அவர் பதிவு செய்ய வந்தது அந்த மணியை. விளக்கு மின்னும் தாளத்தை. கேட் இறங்கி முடிக்கும்போது நுனியில் ஓர் ஆட்டம் ஆடி நிற்கிறதே, அந்த ஆட்டத்தை.

மைக் ஒன்று வைத்திருக்கிறார். டெக்ஸாஸ் காற்று லேசுப்பட்டதல்ல என்பதால் அதற்கு ரோமத்தில் ஓர் உறை. முழுகவைத்த கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் அதைக் காரிலிருந்து எடுத்து வருவார். பொது நடைபாதையை விட்டு ஓரடி உள்ளே போக மாட்டார். ரயில்வே நிலத்தில் கால் வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், நடந்தால் சரளைக்கல் சத்தம் பதிவில் விழுந்துவிடும்.

பக்கத்தில் நீங்கள் நின்றுவிட்டால் பாடம் ஆரம்பம். "விளக்கு மின்னி 3 வினாடியாவது ஆன பிறகுதான் கேட் இறங்கணும் பாஸ். ரயில் வர்றதுக்கு 5 வினாடி முன்னாடியே முழுசாப் படுத்திருக்கணும். மொத்தத்துல 20 வினாடி எச்சரிக்கை. குறையவே கூடாது. விளக்கு நிமிஷத்துக்கு 35 தடவைக்குக் குறையாம, 65-க்கு மேல போகாம மின்னணும். இதெல்லாம் ஃபெடரல் விதி." சொல்லிவிட்டு ஸ்டாப் வாட்சைக் காட்டுவார். மனிதர் வருமான வரிப் படிவத்தை மூன்று வருஷமாகக் கடைசி நாளில்தான் அனுப்புகிறார்.

விதிகளில் அவருக்குப் பிடிக்காதது ஹாரன் விதி ஒன்றுதான். இன்ஜின் டிரைவர் கிராசிங்குக்கு 15 முதல் 20 வினாடி முன்னாலிருந்தே நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று, மறுபடி நீளமாக ஒன்று என்று ஊத வேண்டும். இன்ஜின் சாலைக்குள் வரும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். 96 டெசிபலுக்குக் குறையக் கூடாது, 110-ஐத் தாண்டக் கூடாது. மணி என்ன ஆகும்? "அமுங்கிப் போயிடுது பாஸ்!" என்பார், சொந்தக்காரர் யாருக்கோ ஆபரேஷன் மாதிரி. 2005-இல் வந்த விதிப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கூட்டினால் ஓர் ஊர் தன் எல்லைக்குள் வழக்கமான ஹாரனை நிறுத்திவைக்கச் சொல்லலாம். அப்படிப்பட்ட அமைதி மண்டலங்களுக்கு மற்றவர்கள் தூக்கத்துக்காக மனுப் போடுவார்கள். கேட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுப் போய் மணி கேட்டு வருகிறார்.

மணியில் இரண்டு வகை. ஒன்று மெக்கானிக்கல்: வெண்கலமோ இரும்போ, உண்மையான மணி, உண்மையான சுத்தி. இன்னொன்று எலெக்ட்ரானிக்: கம்பத்தின் உச்சியில் ஒரு ஸ்பீக்கர், உள்ளே சர்க்யூட். பின்னது வந்து முன்னதை விரட்டிக்கொண்டிருக்கிறது. எலெக்ட்ரானிக் மணி அடித்தால் அவர் முகத்தில் வருகிற சுளிப்பு, அந்தக் காலத்து சபாக்களில் முன்வரிசை மாமாக்களிடம் மட்டும் பார்த்திருக்கிறேன். அதிலும் சில இடங்களில் கேட் படுத்ததும் மணி நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள். அந்தக் கிராசிங்குகளை அவர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

பெயர் என்றால் நம்பர். அமெரிக்காவில் ஒவ்வொரு கிராசிங்குக்கும் ஆறு இலக்கமும் ஓர் எழுத்துமாக ஓர் அடையாள எண் உண்டு. கம்பத்தில் நீலப் பலகையில், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணோடு எழுதியிருக்கும். மனைவியின் செல் நம்பரைக் கேட்டால் போனைத் தடவுகிற மனிதர், கிராசிங் எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு தடவை அந்தப் பலகை எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தவர் பதறிப்போய், "தண்டவாளத்தில் வண்டி ஏதும் நிற்கிறதா?" என்றார். "இல்லை, இடது பக்க விளக்கு வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் மங்கல்." எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்களாம்.

ரோந்துப் போலீஸும் அவ்வப்போது வரும். தண்டவாளத்தருகே ஓர் ஆள், முக்காலி, ரோமம் போர்த்திய ஏதோ ஒன்று. வராமல் என்ன செய்யும்? "ரயிலைப் படம் பிடிக்கிறீர்களா?" "இல்லை, மணியை." "எந்த மணியை?" அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கால் மணி நேரம் கழித்து, தனக்கு வேறு எங்கிருந்தோ அழைப்பு வந்துவிட்டதாகச் சொல்லிப் போலீஸ்காரர்தான் தப்பித்துப் போனார்.

லாஸ் கோலினாஸ் பக்கத்து ஐ.டி. நண்பர்கள் கேலி செய்தால் கையில் சரித்திரம் வைத்திருக்கிறார். ராக் ஐலண்ட் ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்த ஷுல்ஸி, ஓட்டிஸ் பிரவுன் என்ற இருவர் நிலத்தை வாங்கி, 1903-இல் மனை போட்டு விற்றதில் பிறந்த ஊர் இர்விங். "நம்ம ஊர் மாதிரியேதான் பாஸ், ரயில் வருதுன்னு சொல்லி பிளாட் வித்திருக்கான். என்ன, இங்க ரயில் நிஜமாவே வந்துடுச்சு." அந்த ராக் ஐலண்ட் கம்பெனி திவாலானது, 1983-இல் டாலஸும் ஃபோர்ட் வொர்த்தும் சேர்ந்து தடத்தை வாங்கின, 1996 டிசம்பர் கடைசியில் டாலஸிலிருந்து தெற்கு இர்விங் வரை டி.ஆர்.இ. ஓட ஆரம்பித்தது. இதில் அவருக்கு ஒரே மனக்குறை, ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது என்பது. லீவு நாளில் சரக்கு ரயிலை நம்பித்தான் பிழைப்பு. அதற்கு டைம் டேபிள் கிடையாது.

வீடு இருப்பது ஊரின் வடக்கே, வேலி ரேஞ்சில். இந்தியன் ஸ்டோர்கள் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. கேட்டுக்காரர் கொத்தமல்லி வாங்குவதோ தெற்கே, தண்டவாளத்துக்கு அந்தாண்டை. ஜூலை மாத வெயிலில் இரண்டு மணி நேரம் பின் ஸீட்டில் கிடந்து வீட்டுக்கு வரும்போது அதை என்னவென்று அழைப்பது என்பதில் தம்பதிக்குள் கருத்து வேற்றுமை உண்டு. "ஏங்க, கட்டு வாங்கினீங்களா, கஷாயம் வாங்கினீங்களா?" என்பார் அந்த அம்மாள்.

போன கோடையில் மாமியார் வந்திருந்தார். குரோம்பேட்டை ராதா நகர்க்காரர். அந்தப் பகுதி ரயில்வே கேட்டில் கால் கடுக்க நின்றே பாதி ஆயுசு போனவர். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று போய், எதிரில் ஒன்று வந்து, எக்ஸ்பிரஸும் தாண்டி, அப்பாடா திறக்கப் போகிறான் என்று ஸ்கூட்டரெல்லாம் உறுமும்போது மறுபடி ஒன்று வருமே, அந்த வாழ்க்கை. மாப்பிள்ளை ஆசையோடு கூட்டிப்போய் நிறுத்தினார். மணி அடித்தது, கேட் விழுந்தது, நாலு பெட்டி ரயில் கடந்தது, கேட் எழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா மாப்பிள்ளை? இதுக்குப் பேரு கேட்டா? ஒரு வெள்ளரிப்பிஞ்சு கடிக்கக்கூட நேரம் இல்லையே!"

இதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்த ஞாயிறு, நல்ல நீளமான சரக்கு ரயிலாகக் காட்டியே தீருவது என்று மடக்கு நாற்காலி, தண்ணீர், நிலக்கடலையோடு மறுபடி மாமியாரைக் கூட்டிப்போனார். காத்திருந்தது வீண் போகவில்லை. காற்று விழுந்திருந்தது. பழைய மெக்கானிக்கல் மணி. வெகு தூரத்தில் ஹாரன். அவர் வாழ்நாளில் கிடைத்த மிகச் சுத்தமான பதிவு, 14-ஆவது வினாடி வரைக்கும். அந்த வினாடியில் இன்ஜின் மாமியார் கண்ணில் பட்டிருக்கிறது.

"மாப்பிள்ளை! வண்டி வருது, தள்ளி நில்லுங்க! அய்யோ, தள்ளுங்கன்னா!"

ரயில் முழுக்கப் போய் முடிகிறவரை அந்தக் குரல் ஓயவில்லை. 110 டெசிபல் ஹாரனைத் தாண்டிக்கொண்டு கேட்கிறது. அழிக்க மனசு வராமல் ஒஹாயோவில் இருக்கிற தன் சகப் பைத்தியம் ஒருவருக்கு அதை அனுப்பிவைத்தார். இரண்டே நாளில் பதில் வந்தது. மணி பிரமாதம், ஹாரனும் சுகம், ஆனால் 14-ஆவது வினாடியில் துவங்கும் அந்த மூன்றாவது எச்சரிக்கைக் கருவியைத் தான் இதுவரை எங்கும் கேட்டதே இல்லை, எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தார்.

கேட்டுக்காரர் எழுதிய பதிலை எனக்குக் காட்டினார்: "குரோம்பேட்டைத் தயாரிப்பு. மெக்கானிக்கல்தான். அதே மாடலில் புதியது ஒன்று என் வீட்டில் இயங்கிக்கொண்டிருக்கிறது. பதிவு செய்ய அனுமதி கிடைக்கவில்லை."