கேள்வி-பதில்: பிழைத்தவர் மேல் வழக்கா?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மேல் இன்னும் கேஸ் உண்டா? (வாசகி, ராஜபாளையம்)

309 போய்விட்டது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்தப் பிரிவு ஓராண்டு வரை சிறை என்றது. 1994-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, 1996-இல் செல்லும் என்றது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்துதான், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றப் பிரிவு இல்லை.

தண்டனை பயம் போனால் முயற்சிகள் பெருகாதா? (வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

உயிரே வேண்டாம் என்று நிற்பவரை ஓராண்டு சிறையா தடுக்கும்? பயந்ததெல்லாம் குடும்பம்தான். "கேஸாயிரும், வயித்துவலின்னு சொல்லு" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உண்மையை மறைத்தார்கள். நடந்தது தெரியாமல் டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்? இலங்கை 1998-லேயே இதைக் குற்றமில்லை என்றாக்கியது. கொடிய பூச்சிமருந்துகளையும் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அங்கே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

அப்படியானால் யாருமே குற்றவாளி இல்லையா? (வாசகர், ராஜபாளையம்)

தூண்டியவர் குற்றவாளி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆவது பிரிவில் பத்தாண்டு வரை சிறை. கடன்பட்டவரை நெருக்கிச் சாகத் தூண்டும் கந்துவட்டிக்காரரைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் கூண்டேற வேண்டியவர் அவர், கடன்பட்டவர் அல்ல. ஆனால் புதிய சட்டம் ஒரு முள்ளை மிச்சம் வைத்திருக்கிறது. அரசு ஊழியரின் கடமையை நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால், 226-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு அலைந்து மனம் உடைந்தவர் மீதும் இது பாயலாம். அவரிடம் கேட்க வேண்டியது, அந்த மனு எத்தனை மாதமாக எந்த மேசையில் கிடக்கிறது என்பதைத்தான். இந்தப் பிரிவும் போக வேண்டும்.

மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிறான். நேராகக் கேட்டால் நாமே யோசனை எடுத்துக் கொடுத்ததாகாதா? (வாசகி, ராஜபாளையம்)

ஆகாது. "சாகணும்னு தோணுதாப்பா?" என்றே கேளுங்கள். அறிவுரை வேண்டாம், அவன் பேசட்டும். தனியே விடாதீர்கள், அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். உதவி எண்கள்: டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, சென்னை சினேகா 044-24640050. இன்றைக்கே பேசுங்கள், அம்மா.