சாவுக்கு முன் ஒரு சங்கம்

கேள்வி: தோட்டத்தில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் லயமே வந்து பார்க்கிறது. தனியாகத் தொண்டர் எதற்கு? (வாசகர், பசறை)

பதில்: வருகிறார்கள்தான். "ஆளே உருத்தெரியாமப் போயிட்டாரே" என்று நோயாளியின் காதுபடச் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். செத்த பிறகு பந்தலுக்கும் பெட்டிக்கும் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. சாகும் முன் படுக்கைப்புண் துடைக்கவும், பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூடப் போகவும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. அது டாக்டர் வேலை என்பீர்கள். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தின் வழிவந்தவர்கள், மலப்புறம் கிராமங்களில் வாரம் 2 மணி நேரம் ஒதுக்கக்கூடிய அயலவர்களையே பயிற்றுவித்தார்கள். 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையிலேயே சேர்த்துக்கொண்டது. மோர்ஃபின் எழுதுவது டாக்டர். நேரத்துக்குக் கொடுத்தார்களா, அந்த மருந்தால் மலச்சிக்கலா என்று விசாரிப்பது அயலவர். (இரண்டாவது கேள்வியை உறவினர் கேட்கவே மாட்டார், கௌரவம்!) கொழுந்துக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாதே என்பது நியாயமான ஆட்சேபம், ஆகவே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடமிருந்து தொடங்கலாம். பஸ் காசு? மரணாதாரச் சங்கத்திடமே கேளுங்கள். உயிரோடிருப்பவருக்குச் செலவழிக்க யாப்பில் இடமில்லை என்பார் பொருளாளர். யாப்பைத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போதும்.