மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியப் பெருமக்கள் கவனத்துக்கு

கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலையை அறிமுகப்படுத்துவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்ல காரியம். எதையும் பார்க்கவிடாமல் அவர்களைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்க்கும் வழிமுறைகளைப் பார்ப்போம்.

முதலில் இடம். உங்கள் பள்ளி புதுக்கோட்டைப் பக்கம் என்றால், திருக்கோகர்ணத்தில் 1910-லிருந்து ஓர் அருங்காட்சியகம் இருப்பதை மறந்துவிடுங்கள். டவுன் பஸ் போகிற இடத்துக்குப் போனால் அதற்குப் பெயர் டூரா? தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்திலும் இதே கோளாறுதான், சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். எழும்பூர் மியூசியம்தான் சரி. 1851-ல் தொடங்கியது, பெரியது. அதைவிட முக்கியம், மெரினாவையும் வண்டலூரையும் அதே செலவில் முடித்துவிடலாம். முந்தின ராத்திரியே பஸ் கிளம்பட்டும். புளியோதரைப் பொட்டலம், வாந்திக்கு எலுமிச்சம்பழம், கேரி பேக் எல்லாம் பி.டி. மாஸ்டர் பொறுப்பு.

நாள் பார்ப்பதில் கவனம் தேவை. மங்களகரமாக வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தீர்களானால் வேலை சுலபம். எழும்பூர் மியூசியத்துக்கு வார விடுமுறை அன்றைக்குத்தான். வாசலில் பேனரைப் பிடித்து ஜியோ டேக்குடன் ஒரு போட்டோ, அங்கேயே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பதிவு, அப்படியே பீச்.

யாராவது முன்கூட்டியே விசாரித்துத் தொலைத்து, உள்ளே போகும்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். வரிசை, கை கட்டல், வாய் பொத்தல். திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே தாராளமாக நிறுத்துங்கள், எலும்பைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வம்பான கேள்வி கேட்காது. அமராவதிச் சிற்பங்களை நடந்துகொண்டே பார்க்கலாம்.

ஆபத்து வெண்கலக் கூடத்தில்தான். நகரத்துப் பிள்ளைகளானால் லேபிளைக் குறிப்பெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உங்கள் பிள்ளைகள் அப்படி அல்ல. உற்சவரைப் பட்டும் மாலையும் சாத்தி, முகம் மட்டும் தெரிகிற கோலத்தில்தான் இதுவரை பார்த்திருக்கிறார்கள். இங்கே இடுப்பு வளைவும் முழங்கால் மடிப்பும் முதுகும் தெரிகின்றன. “சாமிக்கு ஏன் சார் துணி கட்டல?” என்று ஒரு குரல் வரும். வெண்கலச் சிற்பம் பற்றி நூறு பக்கத்துக்கு எழுதத் தகுந்த கேள்வி அது. “பேசாம வா” என்பதே உரிய பதில்.

இன்னொருவன் இருப்பான், திருவிழாவில் சாமி தூக்குகிற வீட்டுப் பையன். அவன் முகத்தைப் பார்க்கவே மாட்டான். குனிந்து பீடத்தைப் பார்ப்பான். அதில் இருக்கும் துளைகளைக் காட்டி, “இதுல கம்பு சொருகித்தான்டா தூக்குவாங்க” என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்வான். லேபிளில் பெயர், ஊர், நூற்றாண்டு, உலோகம் எல்லாம் இருக்கும், இது இருக்காது. இந்தக் கூடத்தில் விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படுவது யாருக்கு என்பதில் எனக்கு வெகுநாளாகவே சந்தேகம். அதை விடுங்கள், அவனை வரிசையில் சேருங்கள். சிலை வார்க்கும் சுவாமிமலைப் பக்கத்துப் பிள்ளை யாரேனும் இருந்தால் வாயைத் திறப்பதற்கு முன்பே தள்ளிக்கொண்டு போய்விடுவது உத்தமம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் எடுப்பார்கள், ஒரு அச்சில் ஒரு சிலைதான் என்று அது பாட்டுக்குச் சொல்ல ஆரம்பிக்கும். மற்றதுகள் சுற்றி நின்றுகொள்ளும். ஒரே சிலைக்கு முன்னால் பத்து நிமிடம் போனால் மெரினா என்னாவது?

மியூசியத் தரப்புக்கும் ஒரு வார்த்தை. மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தார் 2015-லிருந்து ஒரு பஸ்ஸையே காட்சிக்கூடமாக்கி கிராமம் கிராமமாக அனுப்புகிறார்கள். அந்தக் கெட்ட பழக்கம் நமக்கு வேண்டாம். ஊர்ப்புறத்துக்குப் போயே ஆகவேண்டும் என்றால் சிலைகளைப் போட்டோ பிடித்து ஃபிளெக்ஸில் அடித்துப் பள்ளி வராந்தாவில் கட்டுங்கள். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பேசட்டும். பிறகு ஓவியப் போட்டி. தலைப்பு எக்காரணம் கொண்டும் கட்டியிருக்கும் படங்களைப் பற்றியதாக இருக்கக்கூடாது. ‘இயற்கைக் காட்சி’ என்று கொடுத்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை என்று எல்லாத் தாளும் ஒன்றுபோல வரும். திருத்துவது எளிது. பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே கருத்துப் படிவத்தை நிரப்பச் செய்யுங்கள். முதல் ரேங்க் பிள்ளை ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுத, அது கடைசி சீட் வரை போய்ச் சேர்ந்துவிடும். தப்பித்தவறி ஒரு தாளில் மட்டும் வேறு ஏதாவது இருக்கலாம். அந்த வெண்கலங்களில் பல, ஏதோ ஓர் ஊரில் மண்ணைத் தோண்டும்போது கிடைத்து, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியே மியூசியத்துக்கு வந்தவை. லேபிளில் தன் பக்கத்து ஊர்ப் பெயரைப் படித்துவிட்ட ஒருத்தி, ‘அந்தச் சாமியைத் திருவிழாவுக்காவது அனுப்புவாங்களா சார்?’ என்று எழுதியிருப்பாள். அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டு, மாணவர்கள் ஆர்வத்துடன் பல கேள்விகள் கேட்டுத் தெளிவு பெற்றனர் என்று அறிக்கையை முடித்து சி.இ.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள்.