பட்டாணி அளவு

இனி யாராவது என் காதுபடத் "பட்டாணி அளவு" என்று சொன்னால் எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன், இலையில் பாயசம் இருந்தாலும் சரி.

போன வாரம் சுங்கை சோவில் ஒரு காதுகுத்து. எதிரில் உட்கார்ந்த அண்ணன் மகன் கம்ப்யூட்டர் சிபியூவுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவுகிற பசையைப் பற்றி ஆரம்பித்தான். "சித்தப்பா, தெர்மல் பேஸ்ட் ரொம்ப போடாதீங்க. பட்டாணி சைஸ் போதும்."

எந்தப் பட்டாணி? கேட்டால் முழிக்கிறான். காய்ந்த பட்டாணி ஓர் அளவு. ராத்திரி ஊறப்போட்டால் காலையில் வேறு அளவு. ஃபிரீசர் பாக்கெட்டில் கிடக்கிற பச்சைப் பட்டாணி இன்னொன்று. குருமாவில் வெந்தபின் அதுவும் மாறிவிடுகிறது. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே போடுகிற நம் ஆட்களிடம் கேளுங்கள், டப்பா டப்பாவாகத் திறந்து காட்டுவார்கள்: உப்புப் போட்டது, மசாலா பூசியது, மாவில் முக்கிப் பொரித்தது. பொரித்ததை மாவோடு சேர்த்து அளப்பதா, மாவை உரித்துவிட்டா? இதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. "அரிசி மணி அளவு" என்கிற கட்சிக்காரர்கள் இன்னும் மோசம். பாஸ்மதியா, பொன்னியா, இங்கே செக்கிஞ்சானில் விளைகிறதா? அரிசியா, சோறா? இட்லி அரிசி குண்டாக இருக்குமே, அதைக் கணக்கில் சேர்க்கலாமா?

இத்தனைக்கும் சுங்கை சோ பெரோடுவா கார் தொழிற்சாலை இருக்கிற ஊர். அங்கே ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு நியூட்டன்-மீட்டரில் எண் இருக்கும். "கத்தரிக்காய் அளவுக்கு முறுக்குடா" என்று எந்த சூப்பர்வைசரும் சொல்வதில்லை.

எந்த பேஸ்ட் வாங்கலாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். விஷயத்துக்கு வருகிறேன்.

சிபியூ மூடியும் அதன் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கின் அடிப்பாகமும் கண்ணுக்குத்தான் வழவழப்பு. நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும், பள்ளத்தில் காற்று. காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட்தான், செம்புக்கு 400 பக்கம். காற்றை விரட்டிவிட்டு அந்தப் பள்ளத்தில் போய் உட்காருவதுதான் பேஸ்ட்டின் மொத்த உத்தியோகம். தெர்மல் கிரிஸ்லி கம்பெனியின் கிரையோநாட் பேஸ்ட்டுக்கே 12.5 என்றுதான் போட்டிருக்கிறார்கள். செம்புக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? கூடுதலாகப் போனால் திருகை முறுக்கும்போது ஓரத்தில் பிதுங்கும். மின்சாரம் கடத்தாத சாதா பேஸ்ட் என்றால் துடைக்கிற வேலைதான் மிச்சம். திரவ உலோகத்தில் மட்டும் விளையாடக்கூடாது. அதிலிருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். சாதா பேஸ்ட் பிதுங்கினால் பரவாயில்லை என்று சொன்னால் பையன் ஏஎம்டி கம்பெனி சிபியூ பக்கம் தாவுகிறான். 2022-ல் வந்த ஏஎம்5 சிபியூ மூடியில் ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கிறதாம், பேஸ்ட் உள்ளே போய்விடுமாம். போகட்டுமே! அந்த வரிசையின் பெரிய சிபியூக்கள் 95 டிகிரி வரை ஓடத்தான் செய்யப்பட்டவை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. சிபியூவுக்கு இல்லாத பதற்றம் இவனுக்கு எதற்கு?

சரி, இவன் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? கதவு வைத்த அலமாரிக்குள். பக்கத்தில் சாமி மேடை. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணிப் புகையை விசிறி உள்ளே இழுக்க, ஃபில்டர் கறுத்துக் கிடக்கிறது. மேலே தகரக் கூரை, மத்தியானம் அறையே கொதிக்கும். அறையின் சூட்டுக்குக் கீழே எந்த ஹீட்சிங்க்கும் விசிறியும் இறக்காது. ஒழுங்கான இரண்டு பேஸ்ட்டுக்கு நடுவில் வித்தியாசம் பெரும்பாலும் சில டிகிரி. அந்தச் சில டிகிரிக்காக ராத்திரியெல்லாம் வீடியோ பார்க்கிறவனுக்கு அலமாரிக் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

"கதவைக் கழற்றேன்டா" என்றேன்.

"அம்மா திட்டும் சித்தப்பா. அக்கா கல்யாணத்துக்கு வாங்குன அலமாரி."

அண்ணியிடம் நானே பேசிப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் வயரைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அண்ணன் இன்னொரு இட்லி வைத்துக்கொண்டார். பையன் போனை எடுத்துக் காட்டினான்: கிரையோநாட் ஒரு கிராம், ஆர்டர் போட்டாயிற்று, செவ்வாய்க்கிழமை வந்துவிடுமாம்.