மையில்லாத கைநாட்டு

ஏலே பேராண்டி, மூஞ்சி ஏன் தொங்கிக் கெடக்கு? காசு குடுத்து வாங்குன கம்ப்யூட்டர் வெளையாட்டு ராவோட ராவா காணாமப் போச்சா? கதவு பூட்டித்தான கெடந்துச்சு. நாய்கூடக் கொலைக்கலையே. எங்க காலத்துக் களவாணிப் பயலுவ பாவம்டா. ஒடம்புல எண்ணெயத் தடவி, கன்னம் வச்சு, உசுரக் கையில புடிச்சுக்கிட்டுல்லா உள்ள வருவானுவ!

அன்னைக்கு நீ சொன்ன அந்தப் பிரான்சு கம்பெனிக் கதையத்தான் ரெண்டு நாளா அசைபோடுதேன். யூபிசாஃப்ட்டு, 'தி க்ரூ'. 2014ல வித்த கார் வெளையாட்டு. அமெரிக்கா பூராவும் சுத்தி வரலாம்னு வித்தான். 2024 மார்ச் 31ல சர்வர நிறுத்திப்புட்டான். கூட்டமா ஓட்டுனவனுக்கு வண்டி நின்னுச்சு, சரி. ஒத்தையில ஓட்டுனவனுக்கும் நின்னு போச்சே! ஒத்தையாளு ஓட்டவும் அவன் சர்வர் சம்மதிக்கணுமாம். கடையில டிஸ்க் வாங்கி வச்சிருந்தவன், அதுல மொகம் பாத்து மீசை ஒதுக்கிக்கிட வேண்டியதுதான்.

கோவப்படாதடா. எங்கய்யா வட்டிக்காரன் நீட்டுன பத்திரத்துல கைநாட்டு வச்சாரு. அவருக்கு எழுத்து தெரியாது. காட்டுன எடத்துல பெருவெரல உருட்டுனாரு. நீ இன்ஜினியருக்குப் படிச்சவன். பக்கம் பக்கமா ஒப்பந்தம் வந்துச்சே, ஒரு வரி படிச்சியா? 'ஏற்கிறேன்'னு காட்டுன எடத்துல பெருவெரல வச்ச. எங்கய்யா வெரல்ல மையாவது இருந்துச்சு.

அதுல எழுதியிருக்கது கிரயம் இல்ல லே, குத்தகை. நம்ம ஊர்க் குத்தகைன்னா இத்தனை வருசம்னு கெடு இருக்கும். இங்க அவன் எந்திரின்னா எந்திரிக்கணும். கலிபோர்னியாக்காரன் 2025 சனவரி 1லேருந்து இதுக்கு ஒரு சட்டம் வச்சிருக்கான். குத்தகைக்கு விட்டுட்டு 'வாங்கு'ன்னு பொத்தான் வைக்கணும்னா, இது வெறும் லைசென்ஸுதான்னு வெளங்கச் சொல்லிட்டு வைக்கணுமாம். புடுங்காதன்னு சட்டமில்ல, சொல்லிட்டுப் புடுங்குன்னு சட்டம். அதுக்கே நீ கும்புடு போடணும்.

பழசெல்லாம் எங்க போச்சுன்னு 2023ல அமெரிக்காவுல ஒரு கணக்கு எடுத்தாவ. 2010க்கு முன்னால அங்க வெளிவந்த வெளையாட்டுல நூத்துக்கு 87 இப்ப கடையில வாங்கக் கெடைக்காதாம். சரி, நூலகத்துல சேத்து வச்சிருக்கத ஆராய்ச்சிக்காரவுவ வீட்டுல இருந்தே பாக்க விடுங்கன்னு கேட்டாவ. முடியாதுன்னு 2024ல பதிப்புரிமை ஆபீசு கைய விரிச்சிட்டு. ஏன்னு கேளு. ஆராய்ச்சின்னு வாங்கிட்டுப் போயி சும்மா சந்தோசத்துக்கு ஆடிட்டா என்ன செய்யன்னு கம்பெனிக்காரவுவளுக்குப் பயமாம்! வெளையாட்ட எவனாவது வெளையாடிப்புடக் கூடாதுன்னு காவல் இருக்கானுவ. சோளக்கொல்லைப் பொம்மைக்குக்கூட இத்தனை வீராப்பு கெடையாது.

இன்னொண்ணு சொல்லுதேன், சிரிக்காத. 1983ல அட்டாரி கம்பெனி விக்காத வெளையாட்டுக் கேசட்ட லாரி லாரியா ஏத்தி, நியூ மெக்சிகோவுல அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டுல புதைச்சு, மேல காங்கிரீட்டும் ஊத்துனான். 2014ல தோண்டுனா ஆயிரத்துக்கு மேல கெடைச்சுது. அதுல ஒரு 'ஈ.டி.' கேசட்டு இப்ப ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. குப்பையில போட்டவன் பத்திரமா வச்சிருக்கான், கடையில வச்சவன் தொலைச்சிட்டான். நீயும் இனிமே பிடிச்சதையெல்லாம் கொல்லைக் குழியில போட்டு மூடிரு.

வேண்டாமா? அப்பம் விதைநெல்லு மாதிரி எடுத்து வையி. போலந்துல ஜிஓஜின்னு ஒரு கடை, 2008லேருந்து நடத்துதான். பூட்டில்லாத ஃபைலாக் குடுக்கான். எறக்கி வீட்டுல வச்சுக்கிட்டா நாளைக்கு அவன் கடையே மூடுனாலும் ஒன் கம்ப்யூட்டர்ல ஓடும். ஆனா நீ எறக்க மாட்ட. அங்கன பத்திரமா இருக்கும்னு விட்டுருவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?

'தி க்ரூ' போனதுல வெகுண்டு ராஸ் ஸ்காட்டுன்னு ஒருத்தன் 2024ல கெளம்புனான். வெளையாட்ட நிறுத்துனா, வாங்குனவன் ஆடுத மாதிரி விட்டுட்டுப் போன்னு கேக்கான். ஐரோப்பாவுல பத்து லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்திருக்கு. கைநாட்டு இல்ல, கையெழுத்து. நம்ம அதுல போட முடியல, அந்த ஊர்க்காரவுவ மட்டுந்தான் போடலாம்னு இருந்துச்சு.

நீ எந்திரி. ஒங்கப்பன் சின்னதுல டிவில மாட்டி ஆடுன கேசட்டு பரண்ல தகரப் பெட்டியில கெடக்கு. வாசல்ல பழைய இரும்புக்காரன் சத்தம் கேக்கு. ஒங்கம்மா ஏணியத் தேடுதா. ஓடு லே!