அப்பம் தின்ற ராத்திரி

2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்த நேரம். தீபாவளிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. எங்கள் லயத்து இஸ்தோப்பில் இரண்டே பேச்சு: தீபாவளி அட்வான்ஸ் எவ்வளவு, ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வருமா வராதா. காம்பராவுக்குள் டீவி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மகிந்த ராஜபக்ஷ பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்கிறார். பக்கத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன.

"ஏன்டா, பழைய படமா போடுறான்?" என்றார் அப்பாயி.

பழைய படமில்லை, சுடச்சுட நடப்பதுதான் என்று விளங்க எங்களுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. தோட்டத் தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஆளுக்கு என்ன அமைச்சு?"

அமெரிக்காவில் 2008இல் ஜான் மெக்கெய்ன், அலாஸ்காவிலிருந்து சாரா பேலினைக் கூட்டிவந்து இவர்தான் என் துணை வேட்பாளர் என்றபோது அந்த நாடே வாயைப் பிளந்தது. ஆனாலும் சனம் வாக்களிக்கப் போகுமுன் ஆளைக் கண்ணால் கண்டுகொண்டது. நம் நாட்டில் துணை ஜனாதிபதி என்றொரு உத்தியோகமே கிடையாது. வாக்குச்சீட்டில் ஒற்றைப் பெயர்தான். கூட ஓடுகிறவர் யார் என்பதைப் பிரதமர் நாற்காலியை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். 2015இல் மைத்திரிபாலவோடு ஓடியவர் ரணில் விக்கிரமசிங்க. இருவரும் சேர்ந்து ஓடியது மகிந்தவை விரட்ட. அந்த மகிந்தவைத்தான் இப்போது மைத்திரிபால தோளில் தூக்கி வைத்திருக்கிறார்.

கதை 2014 நவம்பர் 20இல் தொடங்குகிறது. பதவிக்காலம் இரண்டு வருடம் மிச்சமிருக்க, நல்ல நேரம் பார்த்துத் தேர்தலை அறிவித்தார் மகிந்த. சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன வெற்றி நிச்சயம் என்றிருந்தார். அன்றிரவு சுகாதார அமைச்சர், கட்சியின் பொதுச் செயலாளர் மைத்திரிபால, மகிந்தவோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டார். மறுநாள், எதிரணியின் பொது வேட்பாளர் நான்தான் என்று வந்து நின்றார். அதன் பிறகு மகிந்தவின் ஆட்கள் சொல்லிச் சொல்லியே அப்பம் ஓர் அரசியல் சொல்லாகிவிட்டது.

எங்கள் இஸ்தோப்பில் வாக்குவாதம் துரோகத்தைப் பற்றியல்ல. முட்டை அப்பமா, வெறும் அப்பமா? தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலுமாக வளர்ந்தவர்களுக்கு அதுதானே முக்கியம்! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே என்று யாரோ இழுத்தபோது அப்பாயி தீர்ப்புச் சொன்னார்: "அப்பத்துல உப்புக் கம்மியா இருந்திருக்கும்."

அந்தத் தேர்தலில் மகிந்தவின் சின்னம் வெற்றிலை. தோட்டத்தில் கலியாணமோ கருமாதியோ பஞ்சாயத்தோ, வெற்றிலை இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆறுமுகன் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் வெற்றிலைப் பக்கம். டிசம்பரில் மலையகத் தலைவர்கள் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் மகிந்தவை விட்டு இறங்கி மைத்திரிபாலவின் சின்னமான அன்னத்தின் பக்கம் போனார்கள். மலைநாட்டில் அன்னத்தை யார் கண்டது? சிலர் அதைக் கொக்கு என்றார்கள், சிலர் வாத்து என்றார்கள். பறவை எதுவானால் என்ன, 2015 ஜனவரி 8 அன்று சனம் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே போய் அன்னத்துக்குப் புள்ளடி போட்டது. நுவரெலியா மாவட்டத்தில் மைத்திரிபாலவுக்கு 2,72,605, மகிந்தவுக்கு 1,45,339. அந்த இரவு, தோற்றால் உயிர் மிஞ்சாது என்று பயந்து குடும்பத்தோடு ஒரு தென்னந்தோட்டத்தில் ஒளிந்திருந்ததாக மைத்திரிபாலவே பிறகு சொன்னார். தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தால் கறுப்புக் கம்பளி ஒன்றும் சூடாகப் பிளேன்டியும் கொடுத்திருப்போம்.

இவ்வளவும் செய்து நாங்கள் கொண்டுவந்த ஆள்தான், 2018இல் அந்தப் பழைய அப்பக்காரரையே பிரதமராக்கி நிற்கிறார். "அப்ப இந்தத் தடவ அப்பம் யாரு வீட்டுல?" என்று அப்பாயி கேட்டதற்கு ஹட்டன் மல்லியப்பூ சந்தி வரை யாரிடமும் பதில் இல்லை.

தலைவரின் கேள்விக்குப் பதில் சீக்கிரம் வந்தது. திகாம்பரம் வைத்திருந்த மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சு ஆறுமுகன் தொண்டமானுக்கு. ஊர் அதே ஊர், லயம் அதே லயம். பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு மட்டும் உண்மையான தீபாவளி. பதுளையில் வடிவேல் சுரேஷ் ரணிலை விட்டுப் போய் மகிந்தவின் கீழ் இராஜாங்க அமைச்சரானார். சில வாரத்தில் ரணிலிடமே திரும்பிவந்தார். அவர் போனதைக் கொண்டாட வாங்கிய பட்டாசை, வந்ததற்கு வெடிக்கலாமா என்று யோசித்தவர்களும் உண்டு.

நவம்பர் 16 அன்று பாராளுமன்றத்தில் மிளகாய்த் தூள் வீசினார்கள். எம்.பி.மார் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியதை டீவியில் பார்த்த அப்பாயிக்கு மெய்யாகவே கோபம். "இங்க சம்பலுக்குத் தூளில்ல. அவனுக வாரி எறியுறானுக."

டிசம்பர் 3இல் மகிந்தவின் அமைச்சரவை இயங்கக்கூடாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே வாரம் 1000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அமைச்சு உறைந்ததும் போராட்டம் சூடானது தற்செயல் என்று தலைவர் சத்தியம் செய்தார். நானும் நம்புகிறேன். கொழுந்து கட்டுமீறி முற்றிப்போனது.

மைத்திரிபால இடையில் பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசரும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். 225 எம்.பி.மாரும் கேட்டாலும் ரணிலை நியமிக்க மாட்டேன் என்றிருந்த மைத்திரிபால, 16ஆம் திகதி ரணிலுக்கே சத்தியப்பிரமாணம் செய்துவைத்தார். ஐம்பத்தொரு நாள் கூத்து அத்தோடு முடிந்தது.

கூட்டு ஒப்பந்தம் 2019 ஜனவரியில் கைச்சாத்தானது. அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. ஆயிரம் வந்து சேர 2021 ஆயிற்று. அப்போது பிரதமர் மகிந்த. மைத்திரிபால, மகிந்தவின் மொட்டுச் சின்னத்தில் வென்ற பொலன்னறுவை எம்.பி.